மே மாதம் போனால் அங்கே மணலே இருக்காது

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் யார் என்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயது 37. மனைவி, ஏழு வயது மகள், 67 வயது அப்பா. மச்சான் வேலை விஷயமாக பிரேசிலில் சாவோ பாவ்லோவில் இருக்கிறார், வாங்க வாங்க என்று இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறார். மே மாதப் பள்ளி விடுமுறையில் எல்லோரும் போய் மச்சான் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து அமேசான் காட்டுக்குள் இருக்கும் ஆல்ட்டர் தோ ஷாவ் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் ஒரு வாரம் தங்கலாம் என்று திட்டம். வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், நடு ஆற்றில் கூரைக் கடைகள் என்று மச்சான் வீடியோ அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, மூன்று மாத சராசரி 9.2, இரவில் இன்சுலின், கால் பாதத்தில் மதமதப்பு. மகளுக்குக் குளிர்காலத்தில் வீசிங் வரும். மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்று போட வேண்டுமாம், கிளம்பும் வாரத்தில் போட்டுக்கொண்டால் போதும், அது வெறும் பேப்பருக்காகத்தான் என்று டிராவல் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். மலேரியாவுக்கு மெடிக்கலில் குளோரோகுயின் வாங்கிக்கொள்வதாக இருக்கிறார்கள். கேள்வி இரண்டு. பிரானா மீன் இருக்கும் ஆற்றில் குழந்தையை இறக்கலாமா, அப்பாவைக் கூட்டிப் போகலாமா? இதையெல்லாம் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே ஒரே வரியில், "இரண்டாவது குழந்தைக்கும் இந்த வருடம் பிளான் பண்ணுகிறோம்" என்று முடித்திருக்கிறார்.

வணக்கம். டிக்கெட் இன்னும் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள், நல்லது, போடாதீர்கள். பிரானாவைப் பற்றி அப்புறம் பேசலாம், அது உங்கள் கவலைப் பட்டியலில் கடைசியில் வர வேண்டிய விஷயம். உங்கள் திட்டத்தில் முதலில் இடிப்பது மே மாதம்தான்.

ஆல்ட்டர் தோ ஷாவ் பாரா மாநிலத்தில், சாந்தரேம் நகரத்திலிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில், தபஜோஸ் ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கே கடல் கிடையாது. நீங்கள் வீடியோவில் பார்த்த மணல் முழுக்க ஆற்று மணல், ஆறு வற்றினால்தான் அது வெளியே வரும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை மழை, தண்ணீர் ஏறிக்கொண்டே போய் மே, ஜூனில் உச்சத்தில் நிற்கும். வற்றும் காலத்துக்கும் பெருகும் காலத்துக்கும் நடுவே ஆறேழு மீட்டர் வித்தியாசம், அதாவது இரண்டு மாடி உயரம். ஊருக்கு எதிரே இருக்கும் இல்யா தோ அமோர் மணல்திட்டில்தான் அந்தக் கடைகள் எல்லாம், மே மாதம் போனால் அவற்றின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். உங்கள் மச்சான் அனுப்பியது செப்டம்பர், அக்டோபரில் எடுத்த வீடியோவாக இருக்கும்.

மே மாதம் போவதே வீண் என்று சொல்லவில்லை. அப்போது காட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும், மரங்களின் இடுப்பளவு முங்கிய காட்டுக்குள் துடுப்புப் படகில் போகலாம், அதைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் மகளுக்குச் சொல்லி வைத்திருப்பது மணல் வீடு கட்டுவதைப் பற்றி. என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி வாரம், காலாண்டுத் தேர்வு விடுமுறை. பத்து நாளுக்கு மேல் கிடைக்காது, ஆசிரியரிடம் பேசி நாலு நாள் லீவு கேளுங்கள். அந்த மாதத்தில் போராரி பழங்குடி மக்களின் ஊரான அங்கே சாய்ரே திருவிழா நடக்கும், அந்த வாரம் மட்டும் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும், அது முடிந்த பிறகு போனால் ஊர் காலியாக இருக்கும். நவம்பருக்குத் தள்ள வேண்டாம். வறண்ட மாதங்களில் அந்தப் பகுதியில் காடும் வயலும் எரியும், 2024 நவம்பரில் சாந்தரேமே புகையில் மூழ்கிக் கிடந்தது. வீசிங் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் காற்றில் ஒரு வாரம் இருக்க முடியாது. செப்டம்பரிலும் புகை வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் மச்சானை அங்கத்திய காற்றுத் தர நிலவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மகளுடைய இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

அந்த ஊசி வெறும் பேப்பர் இல்லை

உங்கள் ஏஜென்ட் சொன்னதில் பாதி நிஜம். பிரேசிலிலிருந்து திரும்பி இந்தியாவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது. இதில் காட்டுக்குப் போனீர்களா, சாவோ பாவ்லோவில் மட்டும் இருந்தீர்களா என்ற வித்தியாசம் பார்க்க மாட்டார்கள், நாடு பிரேசில் என்றாலே போதும். ஆனால் ஊசி போடுவது அந்த அதிகாரிக்காக மட்டும் இல்லை. பாரா மாநிலக் காடுகளில் குரங்குக்கும் கொசுவுக்கும் நடுவே இந்த வைரஸ் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. 2016-லிருந்து 2018 வரை அது தெற்கே இறங்கி சாவோ பாவ்லோ மாநிலத்திலும் பல பேரைக் கொன்றது. நோய் முற்றி மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவு என்று போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. இதற்கென்று தனி மருந்தும் கிடையாது.

அப்புறம் 'கிளம்பும் வாரத்தில்' என்பதும் தப்பு. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், உடம்பில் எதிர்ப்பு உருவாகவும் அவ்வளவு நாள் ஆகும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். அக்கம்பக்கத்து கிளினிக்கில் இதைப் போட முடியாது, அரசு அனுமதித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவு செய்துவிட்டு அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். மகளுக்குச் சமீபத்தில் எம்எம்ஆர் போன்ற வேறு ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள், உயிருள்ள வைரஸ் ஊசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். உங்கள் நான்கு பேரில் யாருக்காவது முட்டை சாப்பிட்டால் உடம்பு தடித்து மூச்சு இரைக்கும் அளவுக்கு அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவைக் கூட்டிப் போகலாமா

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தடுப்பூசி பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள வைரஸ். பெரும்பாலோருக்கு ஒரு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சலோடு முடிந்துவிடும். மிக அரிதாக, லட்சத்தில் ஒருவர் என்ற அளவில், மூளையையோ கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளையோ பாதிக்கிற கடுமையான விளைவு வரும். முதல் முறையாக 60 வயதுக்கு மேல் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த ஆபத்து சில மடங்கு கூடுகிறது. கூடினாலும் அது அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அறுபது தாண்டியவர்களுக்கு வரிசையில் நிறுத்திப் போட்டு அனுப்பாமல், ஒவ்வொருவரையும் பார்த்து முடிவு செய்கிறோம்.

சர்க்கரை இருப்பதால் போடக்கூடாது என்று விதி இல்லை, கடிதத்தில் நீங்கள் பயந்த அளவுக்கு அது தடை கிடையாது. நான் கேட்பது வேறு. அப்பா ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? மூட்டுவலிக்கு என்று வாங்கும் 'பவர்ஃபுல்' மாத்திரையில் பல நேரம் அதுதான் இருக்கும், அட்டையைப் பாருங்கள். புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்றம் ஏதாவது? நெஞ்சில் தைமஸ் சுரப்பி சம்பந்தமாக ஆபரேஷன், மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய்? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் ஊசி அநேகமாக வேண்டாம், பயணமும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால், இப்போதைய 9.2-ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள். பயணம் செப்டம்பருக்குப் போவதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான், உங்கள் கையில் ஏழு மாதம் இருக்கிறது. சர்க்கரையை எட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்த்துவிடுங்கள், ஜூலையில் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம். போடுவது என்றானால் ஆகஸ்ட் ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும், கடுமையான விளைவு வருவதாக இருந்தால் பொதுவாக முதல் சில வாரத்துக்குள் வந்துவிடும், அந்த நாட்களில் அவர் ஈரோட்டில், தன் டாக்டருக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஊசி போடாமல், மருத்துவ விலக்குச் சான்று வாங்கிக்கொண்டு போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்து கொசு விலகிப் போகாது. விமான நிலையச் சுகாதார அதிகாரி அதை ஏற்றுக்கொண்டாலும் சரி, ஏற்காமல் ஆறு நாள் உட்கார வைத்தாலும் சரி, அது இரண்டாம் பிரச்சினை. ஊசி போட முடியாத ஒருவரை அந்தக் காட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லி நான் எழுத மாட்டேன். அப்படி ஆகிவிட்டால் அப்பாவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், மச்சானை அடுத்த முறை லீவில் இங்கே வரச் சொல்லுங்கள்.

சரி, அப்பா வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் விஷயத்தில் எனக்குக் கொசுவைவிட அந்த மணல்தான் கவலை. மதியம் அந்த வெள்ளை மணல் கொதிக்கும், உங்கள் மகள் ஐந்து அடி வைப்பதற்குள் அலறிக்கொண்டு தண்ணீருக்கு ஓடுவாள், மதமதப்பு இருக்கும் கால் ஓடாது. சாவகாசமாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சாயந்திரம் பார்த்தால் பாதத்தில் கொப்புளம் இருக்கும். வெறுங்காலோடு ஒரு அடிகூட வேண்டாம், தண்ணீருக்குள்ளும் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு. தினமும் இரவு படுப்பதற்கு முன் நீங்களே டார்ச் அடித்து இரண்டு உள்ளங்கால்களையும் பாருங்கள், அவரிடம் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்வார்.

இன்சுலினை விமானத்தில் கையோடு வையுங்கள், டாக்டர் கடிதமும் கூட இருக்கட்டும். மேற்கே போகும்போது நாள் எட்டரை மணி நேரம் நீளும், எந்த நேரத்தில் எவ்வளவு என்பதை இப்போதே அவருடைய டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மனாவ்ஸ் நகரத்திலிருந்து ஊஞ்சல்படுக்கை கட்டிய ஆற்றுக் கப்பலில் சாந்தரேமுக்கு வருவது அருமையான அனுபவம்தான், ஒன்றரை நாள் அளவு ஆகும், ஆனால் அவரை வைத்துக்கொண்டு அந்த ஆசை வேண்டாம், விமானத்திலேயே வாருங்கள். தபஜோஸ் தேசியக் காட்டில் ஜமரகுவா கிராமத்திலிருந்து அந்தப் பெரிய சமவுமா மரத்தைப் பார்க்கப் போகும் நடை அரை நாள் பிடிக்கும், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், உள்ளே காற்றே இருக்காது, வியர்வை கொட்டும். நீங்கள் போங்கள், அவர் கிராமத்தில் இருக்கட்டும்.

நீங்கள் கடைசியில் ஒரே வரியில் எழுதியது

நான்கு பக்கத்தில் நான் இரண்டாவது முறை படித்தது அந்த வரியைத்தான். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு இந்தப் பயணத்தில் மூன்று சங்கதி இருக்கிறது. ஒன்று, கர்ப்பமாக இருந்தால் இந்த ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்போம், போட்ட பிறகு குறைந்தது நான்கு வாரம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும், அதனால் ஊசிக்கு முன் மனைவிக்கு ஒரு பரிசோதனை. இரண்டு, ஜிகா வைரஸ். 2015, 2016-ல் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இப்போது அந்த அளவுக்கு இல்லை, ஆனால் ஒழியவும் இல்லை. உடலுறவு மூலமும் பரவும், பலருக்கு அறிகுறியே இருக்காது. அதனால் திரும்பி வந்த பிறகு மனைவி இரண்டு மாதம், நீங்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், இருவரும் போவதால் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, ஒரோபூச் என்ற காய்ச்சல், சின்ன ஈ மாதிரிப் பூச்சி கடித்து வருவது, 2024-ல் பிரேசிலில் பல மாநிலங்களுக்குப் பரவியது, அதுவும் வயிற்றில் இருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடும்.

ஆக, செப்டம்பர் கடைசியில் போனால் குழந்தை முயற்சி அடுத்த ஜனவரிக்குப் போகிறது. அதற்கு மனமில்லை என்றால் பயணத்தைத் தள்ளுங்கள், ஆனால் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் இந்த ஊசியில் தயக்கம் உண்டு என்பதால் அந்தத் தள்ளல் ஒரு வருடத்தோடு முடியாது. எது உங்களுக்கு முக்கியம் என்று நான் சொல்ல முடியாது. உங்கள் மனைவி சொல்லலாம். கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை, அதைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

தண்ணீரிலும் தட்டிலும்

பிரானா இருக்கிறது. ஆட்கள் நிறைய நடமாடும் கரையில் அது பெரிய பிரச்சினை இல்லை, மீன் கழுவுகிற இடத்தில் மட்டும் இறங்காதீர்கள். நிஜமாகக் காயப்படுத்துவது திருக்கை. கணுக்கால் ஆழத் தண்ணீரில் மணலோடு மணலாகப் படுத்திருக்கும், மேலே மிதித்தால் வால் முள்ளால் குத்தும், வலி தாங்க முடியாது. தண்ணீரில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடந்தால் அது விலகிப் போய்விடும், மகளுக்கு இதை ஒரு விளையாட்டாகக் கற்றுக் கொடுங்கள். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி இறங்கும், பிறகு முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் குத்தினால் சூட்டை அவர் காலில் சோதிக்காதீர்கள், உங்கள் கையில் சோதியுங்கள். நால்வரும் கிளம்புமுன் டெட்டனஸ் ஊசி பார்த்துக்கொள்ளுங்கள்.

திருக்கையைவிட மகள் விஷயத்தில் எனக்குப் பயம் பள்ளம். மணல்திட்டின் ஓரம் சில இடத்தில் சட்டென்று இறங்கும், தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆழம் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகிலும் ஏற்றாதீர்கள், தபஜோஸ் அங்கே எதிர்க்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு அகலம், மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் கடல் மாதிரி அலை அடிக்கும். காலையில் போய் மதியத்துக்குள் திரும்புகிற படகாகப் பேசுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். அசாயி என்ற பழத்தின் சாறு அந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு மாதிரி, சர்க்கரை போடாமல் மரவள்ளி மாவோடும் மீனோடும் சாப்பிடுவார்கள். பழம் அரைக்கும்போது ரத்தம் உறிஞ்சும் ஒரு பூச்சி அதோடு சேர்ந்து அரைபட்டால் சாகஸ் என்ற நோய் வரும், இதயத்தைத் தாக்கும், பாரா மாநிலத்தில் இப்படித்தான் அதிகம் வருகிறது. வெந்நீரில் போட்டெடுத்த பழத்தில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள், தெருவோரப் பாத்திரத்தில் இருப்பது வேண்டாம். அடுத்தது பாதரசம். தபஜோஸின் மேல்பகுதியில் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் உண்டு, தங்கத்தைப் பிரிக்க அங்கே பாதரசம் பயன்படுத்துகிறார்கள், 2022 ஜனவரியில் அந்தச் சேறு ஆல்ட்டர் தோ ஷாவ் வரை வந்து தண்ணீரையே கலக்கியது. கரையோரம் வாழ்ந்து ஆயுள் முழுக்க மீன் சாப்பிடுகிற முண்டுருகு பழங்குடி மக்களுக்குத்தான் அதில் பெரிய கேடு. ஒரு வாரம் இருக்கிற உங்களை அது ஒன்றும் செய்யாது, ஆனால் குழந்தைக்குத் திட்டமிடும் மனைவிக்கு மற்ற மீன்களைத் தின்று பாதரசத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் துகுனாரே மீன் வேண்டாம், பழம் தின்னும் தம்பாக்கி பரவாயில்லை.

மலேரியா, கடைசியாக

மெடிக்கலில் குளோரோகுயின் வாங்க வேண்டாம், அமேசான் மலேரியாவைத் தடுக்க அதைக் கொடுப்பதில்லை. பாராவில் மலேரியா அதிகம் இருப்பது சுரங்கப் பகுதிகளில், கிராமத்தில் மட்டும் தங்கினால் ஆபத்து குறைவு. காட்டுக் கிராமங்களில் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். டாக்ஸிசைக்ளின் உங்களுக்குச் சரி, எட்டு வயது ஆகாத மகளுக்குக் கொடுக்க மாட்டோம், அவளுக்கு வேறு பார்க்க வேண்டும். மாத்திரை எதுவானாலும் முழுக்கைச் சட்டை, டீட் கலந்த கொசு மருந்து, கொசுவலை எல்லாம் வேண்டும். மலேரியாக் கொசு சாயந்திரத்திலிருந்து விடிகாலை வரை கடிக்கும், டெங்கு, ஜிகா கொசு பகலில் கடிக்கும், ஆகவே மருந்து நாள் முழுக்க.

காப்பீடு எடுக்கும்போது அப்பாவின் சர்க்கரையை மறைக்காதீர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் செல்லுகிற பாலிசியாகப் பாருங்கள். பிரேசிலின் அரசு மருத்துவமனைகளில் அவசரம் என்று போனால் வெளிநாட்டவருக்கும் காசு வாங்காமல் பார்ப்பார்கள், பாம்புக்கடி மருந்து அங்கே அரசு ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும், அதனால் ஏதாவது ஆனால் தனியார் கிளினிக் தேடி நேரம் போக்காமல் நேராக சாந்தரேம் அரசு மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள். ஊர் திரும்பிய பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மூன்று மாதம் கழித்து வந்தாலும், "வைரல் ஃபீவர்" என்று பாராசிட்டமாலோடு விடாமல், பிரேசில் போய் வந்தோம் என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் கொடுங்கள்.